பனிமுத்து

கொதிக்கிற வெந்நீர்த் தவலையை இரண்டு கையாலும் பிடித்து, குறுக்கே வரும் கோழிகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, மதலைமுத்து ரைஸ்மில் கொட்டகைக்குப் போகிறார். பொழுது இப்போதுதான் வெளுக்கிறது. இலுப்பூர்ப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து திரும்புகிறவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது இருந்தால் மட்டும், "வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலைங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

"இல்லைங்க. டிராக்டருக்கு" என்பார் மதலைமுத்து. நடை நிற்காது.

கொட்டகையில் நிற்பது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டிராக்டர். நல்ல வளர்ந்த எருமை பக்கத்தில் நின்றால் எது பெரிது என்று சற்று யோசிக்க வேண்டிவரும். முந்தின நாள் பொழுதுசாய, அதன் ரேடியேட்டரில் இருந்த தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் திறந்துவிட்டிருப்பார். விடிந்ததும் வெந்நீர் ஊற்றி நிரப்புவார். கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவார். பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்ப்பார். சூடு அவருக்குத் திருப்தியான பிறகுதான் வண்டி நகரும். முதலாளியே வந்து நின்று அவசரம் என்று குதித்தாலும் சரி.

அக்டோபர் பதினைந்திலிருந்து மார்ச் பதினைந்து வரைக்கும் இது தவறாது. அது பட்டாளத்து உத்தரவு. குளிர்காலத்தில் ரேடியேட்டரில் தண்ணீரை விட்டுவைத்தால் அது உறைந்து, உப்பி, இரும்பையே வெடிக்க வைத்துவிடும். காஷ்மீரில் அப்படித்தான். இலுப்பூரில் அக்டோபர் பதினைந்தாம் தேதி மத்தியானம் வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினால் குதித்துக் குதித்துத்தான் போகவேண்டும்.

"இந்த ஊர்ல தண்ணி எப்பங்க உறைஞ்சிருக்கு?" என்று அவர் மனைவி அருள்ராணி வருஷம் தவறாமல் கேட்பாள்.

"உறையலைல்ல? ஏன் உறையலை? நான் தெனம் எறக்கிவிடுறேன். அதான் உறையலை."

"எனக்குக் காப்பி போட அடுப்பு ஒழியலை. மொதல்ல வண்டிக்கு, அப்பறந்தான் பொண்டாட்டிக்கா?"

"ஒரு நேரம் காப்பி குடிக்காட்டி நீ என்ன வெடிச்சா போயிருவே?"

அருள்ராணியின் முகத்தில் அதற்கான அறிகுறிகள் தென்படவே, அவர் தவலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மதலைமுத்துவுக்கு ஆவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். பதினெட்டு வயதில் திருச்சிக்கு நடந்துபோய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். காஷ்மீர்ப் பக்கம் ஒரு கணவாயில் எட்டுக் குளிர்காலம் இருந்துவிட்டு, ஐம்பத்தெட்டாம் வருஷம் திரும்பி, இலுப்பூரில் குடியேறினார். கூடவே வந்தவை ஒரு தகரப் பெட்டி, இரண்டு காக்கிக் கால்சட்டை, ஒரு ஜோடி கனத்த மீசை. கணவாய் ரோட்டைத் திறக்கிற பெரிய பெரிய யந்திரங்களையெல்லாம் பஞ்சாபிக்காரர்கள் ஓட்டினார்கள். இவர் கையில் கொடுத்தது முன்பக்கம் தகடு மாட்டிய ஒரு சின்ன டிராக்டரைத்தான். முகாம் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு ஃபர்லாங். ராத்திரியெல்லாம் விழுந்து கிடக்கிற பனியை ஒதுக்கி, ஆம்புலன்ஸ் போக வழி செய்யவேண்டும். ஒதுக்கி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி மூடியிருக்கும். மறுபடி ஒதுக்கவேண்டும்.

"ரெண்டு ஃபர்லாங்குங்க. அம்புட்டுத்தான் என் ராஜ்ஜியம்" என்று அவரே ஒத்துக்கொள்வார். அவரிடம் இருந்த கோளாறே அதுதான். கூட்டிச் சொல்லத் தெரியாது. நாலு சண்டை, ரெண்டு குண்டு என்று அளந்துவிட்டிருந்தால் ஊர் சந்தோஷமாக நம்பியிருக்கும். இவர் நடந்ததைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

குற்றம் அவருடையது இல்லை, சொல்லினுடையது. இலுப்பூரில் பனி என்றால் மார்கழியில் வைக்கோல்போரை நனைப்பது, சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்க வைப்பது, வெயில் ஏறினால் காணாமல் போவது. ஊருக்கு வந்த மறுநாள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எட்டு வருஷம் பனி அள்ளுனேன்" என்றார் மதலைமுத்து.

அந்தப் பெஞ்சின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு வெள்ளைச்சாமி உட்கார்ந்திருந்தார். ஆறு ஜோடி மாடும் வண்டியும் வைத்து ஊரின் நெல்லையும் மரத்தையும் ஏற்றுகிறவர். அவர் ஏறினால் மாடுகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

"பனியையா? அள்ளுனியா?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி.

"ஆமாண்ணே. டிராக்டரை வச்சு."

"துண்டால தொடைச்சாப் போயிருமேப்பா! அதுக்கு டிராக்டரா? கவர்மெண்டு காசு எப்படியெல்லாம் கரையுது பாருங்கய்யா."

சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டாதவர்கள் அன்றைக்குக் கடையில் யாரும் இல்லை. மதலைமுத்து பொறுமையாக விளக்கினார். இடுப்பளவு விழும் என்றார். கெட்டியாக இருக்கும், உப்பு மாதிரி, பஞ்சு மாதிரி என்றார்.

"உப்பா, பஞ்சா? ஒண்ணைச் சொல்லு."

அவர் நேர்மையாக யோசித்தார். "மொத நாள் பஞ்சுண்ணே. ரெண்டாம் நாள் உப்பு. மூணாம் நாள் கருங்கல்லு."

அன்றைக்கு வைத்த பெயர்தான் பனிமுத்து. பெண் குழந்தைக்கு வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும். அந்த மீசைக்குக் கீழே அது படுகிற பாடு சொல்லி முடியாது. தண்ணீர்க் குழாயடியில் அருள்ராணி பனிமுத்து வீட்டம்மா ஆனாள். ஒருநாள் குடத்தை ணங்கென்று இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இனிமே காஷ்மீரு, கணவாயின்னு வாயைத் தொறக்காதீங்க. எட்டு வருஷமும் காய்ச்சலாக் கெடந்தேன்னு சொல்லிருங்க. அதையாச்சும் நம்புவாங்க. நீங்க சொல்றதுல நானே பாதியைத்தான் நம்புறேன்."

"எந்தப் பாதியை?" என்று கேட்டார் மதலைமுத்து. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

டிராக்டர் ஊருக்கு வந்தது ஐம்பத்தொன்பதில். ரைஸ்மில் முதலாளி ஷேக் பரீது ராவுத்தர், திருச்சியில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் தார்ப்பாய் வாங்கப் போனார். அவர் ஏதோ கொசுவை விரட்டக் கையைத் தூக்கினார் என்றும், ஏலக்காரன் அதை ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டான் என்றும் சொல்வார்கள். ராவுத்தர் அதை ஒப்புக்கொண்டதில்லை. எப்படியோ, லாரியிலிருந்து தார்ப்பாய் இறங்கவில்லை, டிராக்டர் இறங்கியது. அப்போது மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மதலைமுத்து தலையில் இருந்த மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்பக்கத்து இரும்புத் தகட்டை இடதுகோடியில் தடவிப் பார்த்தார். காஷ்மீரில் அவர் ஓட்டின வண்டி மைல்கல்லில் மோதி நசுங்கின அடையாளம் இதில் இல்லை.

"நம்ம வண்டி இல்லைங்க மொதலாளி. அதோட தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷமே அவர் டிரைவர் ஆனார்.

ஐந்தடி அகலத் தகட்டுக்கு ஊர் வைத்த பெயர் முறம். "இதைக் கழட்டிக் கொல்லன்கிட்டப் போடுப்பா, நாலு கலப்பைக் கொழுவாச்சும் ஆகும்" என்றார் ராவுத்தர். மதலைமுத்து கழற்றினார், கொல்லனிடம் போடவில்லை. கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்து, துரு அண்டாமல் பார்த்துக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு பூசைக்கு ஆவூர் சர்ச்சுக்குப் போகிறபோது, எரிந்து மிஞ்சின மெழுகுத் துண்டுகளைக் கோயில்பிள்ளையிடம் கேட்டுப் பொட்டலம் கட்டி வருவார். உருக்கி, தகட்டின் முகம் முழுக்கத் தேய்த்து, சாக்கால் பளபளவென்று துடைப்பார். மெழுகு பூசாத தகட்டில் பனி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வண்டி இழுக்காது.

ராவுத்தர் ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மொறத்துக்கு மெழுகு பூசிட்டே. எப்ப முத்து சாம்பிராணி போடப்போறே?"

"சாம்பிராணி வேண்டியதில்லைங்க" என்றார் மதலைமுத்து, கேள்வி நிஜம் என்றே நினைத்து.

இரண்டு வருஷத்தில் ராவுத்தருக்கு வண்டி அலுத்துவிட்டது. பெரிய வயலுக்கு அது சின்னது, சின்ன வயலுக்கு அது பெரியது. பத்து நிமிஷம் சூடு காட்டக் காத்திருக்கிற பொறுமை எந்த விவசாயிக்கும் இல்லை. அதற்குள் வெள்ளைச்சாமியின் மாடு பாதி வழி போய்விடும். அறுபத்தொன்றாம் வருஷம் நவம்பரில் ராவுத்தரின் மகள் ரஹ்மத் நிஷாவுக்கு அறந்தாங்கி மாப்பிள்ளையோடு நிக்காஹ் வைத்தபோது, வண்டிக்கும் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் மாமா அப்துல் மஜீது தென்னந்தோப்புக்காரர். தோப்புக்குச் சின்ன டிராக்டர் தோதாக இருக்கும் என்றார்.

"கல்யாணத்துக்கு வர்றப்ப வண்டியப் பாத்து முடிச்சுக்கிறேன்னுட்டாரு" என்று ராவுத்தர் மதலைமுத்துவிடம் சொன்னார். "நீ மில்லுல வாட்ச்மேனா இருந்துக்க முத்து. ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன்."

"சரிங்க மொதலாளி." போகத் திரும்பியவர் நின்றார். "தகட்டையும் சேத்துக் குடுக்குறீங்களா?"

"மொறத்தை எவன் வாங்குவான்? நீயே வச்சுக்க."

மாடு விலைபோய்ச் சலங்கை மட்டும் கையில் மிஞ்சியவனைப்போல அவர் கொட்டகைக்குப் போனார். அன்றைக்குத் தகட்டுக்கு இரண்டு தடவை மெழுகு பூசினார். அருள்ராணி சாப்பிடக் கூப்பிட வந்தவள், சாக்கின் இன்னொரு முனையை எடுத்துத் துடைத்துக்கொடுத்துவிட்டுப் போனாள்.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை காலையில் விட்டது. விடுவதற்குள் ஊருக்குக் கிழக்கே ரோட்டை ஒட்டியிருந்த கண்மாய் உடைத்துக்கொண்டது. தண்ணீர் பொழுதுசாய வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் இரண்டு ஃபர்லாங் தூரத்துக்கு வண்டல் முழங்கால் அளவு படிந்து கிடந்தது. ரோடு எது, பக்கத்து வாய்க்கால் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மட்டத்தில், வழித்து ஊற்றின களிபோலப் பளபளத்தது. சுற்றுவழியில் தரைப்பாலம் முங்கிவிட்டது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அறந்தாங்கி பஸ் சேற்றின் அந்தக் கரையில் வந்து நின்றது. எழுபது பேர். பட்டும் ஜரிகையுமாகப் பெண்கள், கைக்குழந்தைகள், நடக்க முடியாத பெரியவர்கள். கண்மாய்க் கரையைச் சுற்றி நடந்துவந்த ஆள் சொன்ன சேதியைக் கேட்டு ராவுத்தரின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "திரும்பிப் போயிட்டு இன்னொரு நாள் வச்சுக்குவோம்" என்கிறாராம். பந்தலுக்குப் பின்னால் நாலு தேக்ஸாவில் நெய்ச்சோறு தயாராகிக்கொண்டிருந்தது. உள்ளே, மருதாணிக் கையோடு மகள்.

"எதுக்குக் கலங்குறீங்க ராவுத்தரே? ஆறு ஜோடி மாடு எதுக்கு இருக்கு? அம்புட்டுப் பேரையும் பூவாட்டம் கொண்டாந்து எறக்குறேன்" என்று வெள்ளைச்சாமி தன் முதல் ஜோடியைப் பூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். நூறு கஜம் போனது வண்டி. பிறகு மாடுகள் ரோட்டின் ஓரம் தப்பி, மறைந்து கிடந்த வாய்க்காலில் வயிறுவரை இறங்கின. வண்டி சாய்ந்தது. வெள்ளைச்சாமி நெஞ்சுவரை சேறாகத் தவழ்ந்து கரையேறினார். மாடுகள் ஏறவில்லை. தலையை மட்டும் தூக்கி ஊரைப் பார்த்துக் கத்தின.

கூட்டத்தின் பின்னாலிருந்து மதலைமுத்து ஒரு கழியோடு வந்தார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுச் சேற்றில் இறங்கி நாலு இடத்தில் குத்திப் பார்த்தார்.

"அடியில கப்பி ரோடு கெட்டியா இருக்குங்க மொதலாளி. மேலதான் சேறு. ரெண்டாம் நாள் பனிப் பதம்."

"முத்து!" என்று ராவுத்தர் குரல் உடைந்து கத்தினார். "பனிக் கதை பேசுற நேரமாப்பா இது?"

"கதை இல்லைங்க. ரெண்டு ஃபர்லாங்குதான். மூணு மணி நேரம் குடுங்க."

"நீ சூடு காட்டுறதுக்குள்ள சோறு ஆறிப்போகுமே!"

"விடியக்காலையிலயே காட்டிட்டேன்ங்க."

ராவுத்தர் அவரைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், அக்கரையில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். "போ" என்றார்.

முதலில் அவர் கேட்டது கல்யாணப் பந்தலில் மிஞ்சின மூங்கில் கழிகள். ரோட்டின் இரண்டு ஓரத்தையும் குத்திக் குத்திக் கண்டுபிடித்து, இருபதடிக்கு ஒரு கழியாக நட்டுக்கொண்டே போனார். கழிகளில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதம் காற்றில் ஆடியது. சேற்றுக்குள் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வழி போட்டதுபோல இருந்தது. பிறகு டிராக்டர் வந்தது. முன்னால் முறம், மெழுகில் கண்ணாடிபோல மின்னிக்கொண்டு.

முதல் தள்ளிலேயே பின்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியது. பின்னால் வேடிக்கை பார்த்த அத்தனை பேரின் கல்யாணச் சட்டைக்கும் ஒரே சீராகச் சேறு கிடைத்தது. மதலைமுத்து நிதானமாக இறங்கி வெள்ளைச்சாமியிடம் போனார்.

"அண்ணே, மரம் இழுக்குற சங்கிலி ரெண்டு வேணும்."

"எதுக்கு?"

"சக்கரத்துக்குக் கொலுசு போடணும்."

வெள்ளைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேற்றில் மாடு கத்தியது. ஆளை அனுப்பிச் சங்கிலியை வரவழைத்தார். இரண்டு பின்சக்கரத்திலும் அதைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிப் பூட்டினார் மதலைமுத்து.

"இன்னொண்ணும் வேணுங்கண்ணே."

"என்னப்பா?"

"நீங்க."

"நானா?"

"பின்னால கனம் பத்தலை. மூட்டை வச்சா சரிஞ்சிரும், ஆளுன்னா பிடிச்சுக்கிரும். அங்க ஒரு ஹவில்தார் இருந்தாரு, ஒங்க சைஸு. அவரைத்தான் ஏத்திக்குவோம்."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. சீட்டுக்குப் பின்னால் கட்டிய பலகையில் வெள்ளைச்சாமி ஏறி, பின்புறம் பார்த்து உட்கார்ந்தார். வண்டியின் முன்மூக்கு லேசாக நிமிர்ந்தது. மாடுகளைப்போல டிராக்டரும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கும், முடிந்திருந்தால்.

சங்கிலி கப்பியைக் கவ்வியது. தகட்டைச் சாய்வாக வைத்து, பாதி அகலத்துக்கு, மேலே படிந்த ஏட்டை மட்டும் வழித்துக்கொண்டு போனார். சேறு மெழுகில் ஒட்டாமல், எண்ணெய் பழகின கல்லில் தோசை நழுவுவதுபோலச் சுருண்டு ஓரத்தில் விழுந்தது. பின்னோக்கி வந்தார். மறுபடி போனார்.

"ஏப்பா, எதுக்குப் பாதி பாதியா எடுக்குறே? ஒரேயடியாத் தள்ளு" என்றார் பின்னாலிருந்து வெள்ளைச்சாமி.

"முன்னாடி மலையாச் சேந்து வண்டியை நிப்பாட்டிரும்ணே. மொதல்ல மேல் ஏடு, அப்பறம் அடி ஏடு."

"சரி, ஓரத்துல போட்டாப் பத்தாதா? எதுக்கு இம்புட்டுத் தூரம் அங்கிட்டுத் தள்ளுறே?"

"நாளைக்கு விழுறதுக்கு எடம் வேணும்ல?"

"எது விழுறதுக்கு?"

மதலைமுத்து ஒரு கணம் விழித்தார். "மறந்துட்டேண்ணே. சேறு விழாதுல்ல."

மாடுகள் கிடந்த இடத்துக்கு இரண்டு கஜம் இருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். மம்பட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"வண்டியிலயே தள்ளுனா வெரசா முடியுமேப்பா. மாடு எனக்குத் தெரிஞ்ச மாடுதான், மிரளாது."

"இல்லைண்ணே. உசுரு இருக்குற எடத்துல தகட்டைக் கொண்டுபோகக் கூடாது. மம்பட்டிதான். அதுவும் கடைசியில கைதான்."

அவர் மாட்டின் முன்னங்காலைச் சுற்றிச் சேற்றைக் கையால் வாரி எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமி பலகையிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அங்க... ஆளு யாரும் சிக்கியிருக்காங்களா?"

"ம்."

"எடுத்தியா?"

"ஒருத்தரை எடுத்தேன். ரெண்டு பேரை எடுக்க முடியலை." கை நிற்கவில்லை. "அந்தக் காலைப் பிடிங்கண்ணே. மெல்ல."

வெள்ளைச்சாமி மண்டிபோட்டுக் காலைப் பிடித்தார். இரண்டு மாடும் ஒவ்வொன்றாக எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, மிச்சமிருந்த சுத்தமான சட்டைகளையும் நனைத்துவிட்டுக் கரையேறின.

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னால் அறந்தாங்கி பஸ் வண்ணக் காகிதக் கழிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்தது. கப்பி ரோட்டில் ஒரு கல் பெயரவில்லை. தகட்டின் அடியில் இரும்புப் பாதம் பொருத்தி, தரைக்கு ஒரு விரல்கடை மேலேயே ஓட்டியிருந்தார். அங்கே இருந்த கர்னல், ரோட்டைச் சுரண்டினவன் தோலைச் சுரண்டுகிற ஆள் என்று அதற்குக் காரணம் சொன்னார். பஸ் நிற்பதற்குள் முதலில் குதித்து இறங்கினவர் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளையின் மாமா அப்துல் மஜீது. டிராக்டரை மூன்று சுற்றுச் சுற்றினார்.

நிக்காஹ் முடிந்து துவா ஓதியதும் அவர் ராவுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, பேசினதுக்கு மேலயே தாரேன். அந்த மொறத்தையும் சேத்து இன்னைக்கே அனுப்பிருங்க."

தூணோரம் நின்ற மதலைமுத்துவுக்குக் கேட்டது. நன்றாக வேலை செய்து வண்டியைத் தானே விற்றுக்கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

ராவுத்தர் சம்பந்தியைப் பார்த்தார். தூணோரத்தையும் பார்த்தார். "எம் பொண்ணையே குடுத்துட்டேன் சம்மந்தி" என்றார். "இதையும் கேட்டா நான் என்னத்த வச்சுக்கிட்டு இருப்பேன்?"

பந்தல் சிரித்தது. அப்துல் மஜீதும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு மதலைமுத்து குளித்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு வந்தார். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தியில் அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச்சாமி. பெண்கள் பக்கத்தில் யாரோ அருள்ராணியைக் காட்டி, "இவுகதான் பனிமுத்து வீட்டம்மா" என்றார்கள். முதல்முறையாக அவள், "ஆமாங்க" என்று வாய் திறந்து சொன்னாள். ஜரிகைச் சேலைக்காரி ஒருத்தி நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாள்.

நெய்ச்சோற்றில் கை வைத்தபடியே வெள்ளைச்சாமி கேட்டார். "இப்பச் சொல்லுப்பா. நெசமாக் கேக்குறேன். அந்தப் பனி எப்படித்தான் இருக்கும்?"

தால்ச்சா வாளியோடு ராவுத்தரே நின்றுவிட்டார். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தமும் அடங்கியது. மூன்று வருஷமாக மதலைமுத்து காத்திருந்த கேள்வி அது. எத்தனையோ தடவை பதில் ஒத்திகை பார்த்திருந்தார். உயரம், கனம், தினுசு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"சத்தம் இருக்காதுண்ணே" என்றார். "எல்லாத்தையும் மூடினப்பறம் ஒரு குருவிச் சத்தம்கூட இருக்காது. நம்ம காதுதான் போயிருச்சோன்னு இருக்கும். பயமா இருக்கும். எப்படா விடியும், வண்டியைக் கெளப்புவோம்னு இருக்கும். அது டபடபன்னு அடிச்சுச்சுன்னா... சரி, நம்ம இருக்கோம்னு தோணும்."

யாரும் சிரிக்கவில்லை. திரையோரம் நின்ற அருள்ராணி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் புதுக்கோட்டையில் மரத்தூளில் பொதிந்து வாங்கிவந்த ஐஸ் பாளத்தை உடைத்து, நன்னாரி சர்பத் பரிமாறத் தொடங்கினார்கள். அப்துல் மஜீது தம் கையாலேயே ஒரு டம்ளரை எடுத்து, இருக்கிறதிலேயே பெரிய ஐஸ்கட்டியாகப் பொறுக்கிப் போட்டு, மரியாதையாக மதலைமுத்துவின் முன்னால் நீட்டினார். ஊரே அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் டம்ளரை வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு விரலை விட்டு ஐஸ்கட்டியைப் பிடித்து வெளியே எடுத்து, தட்டுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்துவிட்டு, சர்பத்தை ஒரே மடக்கில் குடித்தார்.